ஒத்திவைத்தலின் அறம்

வழிபாட்டிடங்கள் அடைத்துக் கிடக்கும் ஒரு நகரத்திற்குப் பல நாட்டு வீரர்களை வரவழைத்து, ஒரு பெரிய விளையாட்டுப் போட்டியை யாருக்கும் நோய் பரவாமல் நடத்தி முடிக்க இயலுமா என்பது நிர்வாகத்தைச் சார்ந்த கேள்வி. அவ்வாறு இயன்றாலும் நடத்துவது தகுமா என்பது அறத்தைச் சார்ந்த கேள்வி. கோவிட்-19 பெருந்தொற்றின் முதல் ஈராண்டுகளில் உலக விளையாட்டு அமைப்புகள் முதற் கேள்விக்கு மிகுந்த திறமையோடு விடை தேடின. பரிசோதனை முறைகளும், தனிமைப்படுத்தும் நாள்களின் கணக்கும், பார்வையாளரில்லா அரங்குகளும் அத்தேடலின் விளைவுகள். இரண்டாம் கேள்வியோ பெரும்பாலும் முதற் கேள்வியின் விடைக்குள்ளேயே மறைந்துவிட்டது. பாதுகாப்பாக நடத்த முடியும் என்று காட்டிவிட்டாலே நடத்தலாம் என்ற உரிமையும் கிடைத்துவிட்டதாகக் கொள்ளப்பட்டது. கோலாலம்பூரையும், அதைச் சூழ்ந்த கிள்ளான், ஷா ஆலம், பெட்டாலிங் ஜெயா முதலிய சிலாங்கூர் நகரங்களையும் உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கு, இவ்விரு கேள்விகளையும் பிரித்துப் பார்ப்பதற்கு ஏற்ற களமாகும். ஆடுகளம், கோவில், தொழிற்சாலை, தடுப்பூசி நிலையம் ஆகிய நான்கும் அங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே பெருந்தொற்றைக் கடந்தன.

1937-இல் தொடங்கிய மலேசியப் பொதுப் பூப்பந்துப் போட்டி, 2021-ஆம் ஆண்டில் மே 25 முதல் 30 வரை கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் உள்ள ஆக்சியாட்டா அரங்கில் நடைபெறுவதாக இருந்தது. தோக்கியோ ஒலிம்பிக்கிற்கான தகுதிக்காலம், அதாவது உலகத் தரவரிசைப் புள்ளிகளைக் கணக்கிட்டு ஒலிம்பிக் இடங்களை ஒதுக்கும் காலம், ஜூன் நடுவில் முடிய இருந்ததால் அவ்வாண்டுப் போட்டிக்கு வழக்கத்தை மீறிய கனம் இருந்தது. ஏப்ரல் இறுதியில், இரண்டாம் அலையில் சிக்கியிருந்த இந்தியாவிலிருந்து வருவோருக்கு மலேசியா தடை விதித்தது. மே 7-ஆம் தேதி கோலாலம்பூர் மீண்டும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்தது. அதே நாளில் போட்டி ஒத்திவைக்கப்படுவதாக உலகப் பூப்பந்துச் சம்மேளனமும் மலேசியப் பூப்பந்துச் சங்கமும் அறிவித்தன. டில்லியிலும் சிங்கப்பூரிலும் நடைபெறவிருந்த போட்டிகளும் இவ்வாறே விலக, தகுதிக்காலத்திற்குள் இனிப் போட்டி எதுவுமில்லை என்று மே 28-இல் சம்மேளனம் உறுதிப்படுத்தியது. இதனால் மூன்று ஒலிம்பிக் கண்ட இந்திய வீராங்கனை சாய்னா நேவாலும், உலகத் தரவரிசையில் ஒருகாலத்தில் முதலிடம் வகித்த கிடாம்பி ஸ்ரீகாந்தும் தோக்கியோவுக்குச் செல்லும் வாய்ப்பை ஆடாமலே இழந்தனர். இந்த இழப்பு நியாயமானதா என்பது இக்கட்டுரை மீண்டும் மீண்டும் திரும்பிவரும் வினா. அதற்கு முன் அந்நகரத்தில் வேறு எவை ஒத்திவைக்கப்பட்டன என்று பார்க்க வேண்டும்.

2020 மார்ச் 18-இல் மலேசியா முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, இன்றியமையாச் சேவைகள் தவிர அனைத்தும் மூடப்பட்டன. வழிபாட்டிடங்கள் இன்றியமையாதவற்றின் பட்டியலில் இல்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டுத்தொழுகை நிறுத்தப்பட்டதற்கு இஸ்லாமியச் சட்டவியல் வழங்கிய அடிப்படை தெளிவானது: சமயம், உயிர், அறிவு, வழித்தோன்றல், உடைமை என்னும் ஐந்தைக் காப்பதே சட்டத்தின் நோக்கம் என்று அம்மரபின் அறிஞர்கள் வகுத்துள்ளனர், கூட்டுத்தொழுகை உயிருக்குக் கேடாகும் நிலையில் தனித்தொழுகை அதன் இடத்தை நிரப்பும். சைவ மரபும் வேறொரு வழியில் இதே இடத்திற்கு வருகிறது. மனம், வாக்கு, காயம் என்னும் மூன்று கருவிகளாலும் வழிபாடு நிகழும் என்று கொள்ளும் அம்மரபில், உடலால் கோவிலுக்குச் செல்ல இயலாதபோது மனத்தால் செய்யும் பூசை குறைபட்ட பூசையாகக் கருதப்படுவதில்லை.

பெரியபுராணத்துப் பூசலார் நாயனாரின் வரலாறு இங்கே பொருந்துவதுபோல வேறெதுவும் பொருந்தாது. திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார், பொருள் திரட்ட இயலாமல், சிவனுக்கு ஒரு கோவிலைத் தம் மனத்துக்குள்ளேயே கல்மேல் கல்லாக எழுப்பிக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். காஞ்சியில் உண்மையான கற்கோவிலை எழுப்பிய பல்லவ மன்னனும் அதே நாளைக் குறித்திருந்தான். இறைவன் மன்னனின் கனவில் தோன்றி, அந்நாளில் தாம் பூசலாரின் ஆலயத்துக்குச் செல்லவிருப்பதால் அரச விழாவை வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்குமாறு பணித்தார் என்பது கதை. இக்கதையைப் பக்தியின் மேன்மைக்குச் சான்றாகவே காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறோம். ஆயினும் அதில் இன்னொரு செய்தியும் உண்டு. இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே நாளுக்குப் போட்டியிடும்போது, படையும் பணமும் கல்லும் உடைய பெரிய நிகழ்ச்சிதான் ஒத்திவைக்கப்படுகிறது, எளியவனின் நிகழ்ச்சி அல்ல. ஒத்திவைப்பின் சுமையைத் தாங்கும் வலிமை உடையவன் மேல் அது ஏற்றப்படுகிறது. மன்னனும் அதை அவமதிப்பாகக் கொள்ளாமல் பூசலாரைத் தேடிச் சென்று வணங்குகிறான்.

பெருந்தொற்றுக் காலத்துக் கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த வரிசை தலைகீழாகவே நின்றது என்று சொல்ல இடமுண்டு. 2021 தைப்பூசத்தின்போது முருகன் தலமான பத்துமலை பக்தர்களுக்கு மூடப்பட்டது. ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள ஸ்ரீ மகாமாரியம்மன் கோவிலிலிருந்து புறப்படும் வெள்ளி ரதம் மட்டும், வழிநெடுகத் தேங்காய் உடைக்கும் கூட்டமோ உறுமியோசையோ இன்றி, பத்துமலை சென்றடைந்தது. 2022 ஜனவரியில் வரம்புக்குட்பட்ட எண்ணிக்கையில் பால்குடம் எடுக்க அனுமதி கிடைத்தது, காவடிக்கு இல்லை. பிள்ளைப் பேற்றுக்காகவும், நோய் தீர்ந்ததற்காகவும், வழக்கு முடிந்ததற்காகவும் நேர்ந்துகொண்ட காவடிகள் இரண்டு தைப்பூசங்களாக வீட்டிலேயே தங்கின. நேர்த்திக்கடன் என்பது கொடுத்த வாக்கு. காலம் தாழ்ந்தாலும் அது அழிவதில்லை, வாங்கியவர் அவசரப்படுத்துவதும் இல்லை. முருகன் காத்திருப்பார் என்று பக்தர்கள் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டதில் ஆழமான இறையியல் இருக்கிறது: காலத்துக்கு அப்பாற்பட்டவரிடம் பட்ட கடனுக்குக் கெடு இல்லை. போட்டி நாட்காட்டியோ மனிதர்கள் கூடி உட்கார்ந்து எழுதியது. ஒளிபரப்பு ஒப்பந்தமும் விளம்பரதாரரும் தரவரிசை விதியும் அதைத் தாங்கி நிற்கின்றன. தெய்வத்துக்கு நேர்ந்தது காத்திருக்கலாம், மனிதர் குறித்த தேதி காத்திருக்கக் கூடாது என்ற நிலை எவ்வாறு இயல்பானதாகத் தோன்றத் தொடங்கியது என்பதே வியப்பு.

இந்த வாதத்தை இங்கேயே முடித்துக்கொள்வது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. போட்டி நாட்காட்டி மனிதர் எழுதியதே என்றாலும், அதை நம்பி வாழும் வீரரின் உடல் மனிதர் எழுதியது அல்ல. பூப்பந்து ஒற்றையர் ஆட்டத்தில் உச்ச நிலையில் நிற்கும் ஆண்டுகள் மிகச் சில. ஒலிம்பிக்கோ நான்காண்டுக்கு ஒருமுறை வருவது. 1990-இல் பிறந்த சாய்னாவுக்குத் தோக்கியோ நான்காம் ஒலிம்பிக்காக இருந்திருக்கும். அடுத்தது வரும்போது அவர் 34 வயதைக் கடந்திருப்பார். ஸ்ரீகாந்த் அதே ஆண்டு டிசம்பரில் ஸ்பெயினின் உயெல்வா நகரில் நடந்த உலக வெற்றியாளர் போட்டியில் இறுதிவரை சென்று வெள்ளிப் பதக்கம் பெற்றதைப் பார்க்கும்போது, கோடையில் அவரிடமிருந்து பறிபோனது தகுதியில்லாதவருடைய கனவு அல்ல என்பது விளங்கும். ஆகவே ஒத்திவைத்தலின் அறத்தைப் பேசும்போது, ஒத்திவைக்கப்படும் நிகழ்ச்சி தெய்வத்துக்கு உரியதா மனிதருக்கு உரியதா என்று பார்ப்பதைவிட, காத்திருப்பதால் எது திரும்பப் பெற முடியாமல் கெடுகிறது என்று பார்ப்பதே சரியான அளவுகோல்.

சமயத்திலும் காத்திருக்க முடியாதவை உண்டு என்பதை நினைத்தால் இவ்வளவுகோல் மேலும் தெளிவாகும். காவடி காத்திருக்கும்; சவம் காத்திருக்காது. கோவிட் கண்டு இறந்தவர்களின் உடல்களை வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டி, வாய்க்கரிசி இட்டு, நெய்ப்பந்தம் பிடித்து அனுப்பும் முறை அக்காலத்தில் இல்லாமற் போயிற்று. உறவினர் சிலர் தொலைவில் நின்று பார்க்க, பாதுகாப்பு உடை அணிந்தவர்கள் தகனத்துக்கு எடுத்துச் சென்றனர். கிள்ளானின் பொது மருத்துவமனையான தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை 2021 நடுப்பகுதியில் நோயாளிகளால் நிரம்பி வழிந்தபோது இத்தகைய விடைபெறுதல்கள் அன்றாடமாயின. ஓர் இறுதிச் சடங்கில் கலந்துகொள்ள முடியாமற் போன மகனின் இழப்பும், ஒரு வீராங்கனையின் ஒலிம்பிக் இழப்பும் ஒன்றல்ல. ஆனால் இரண்டும் ஒரே வகையைச் சேர்ந்தவை, காலத்தோடு சேர்ந்தே போய்விடுபவை. அந்த மகனுக்கு விதிவிலக்கு அளிக்காத சமூகம் வீராங்கனைக்கு விதிவிலக்கு அளிக்குமானால், அதற்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.

அந்தக் காரணமாக முன்வைக்கப்பட்டதுதான் பயோ பபுள் எனப்படும் பாதுகாப்பு வளையம். வீரர்கள், பயிற்சியாளர்கள், நடுவர்கள் ஆகியோரை விமான நிலையத்திலிருந்தே வெளியுலகத் தொடர்பின்றி விடுதிக்கும் அரங்குக்குமாக மட்டுமே நடமாட விட்டு, இடையிடையே பரிசோதனை செய்து, நோய் உள்ளே நுழையாதபடி காப்பது இம்முறை. 2021 ஜனவரியில் பேங்காக் நகரின் இம்பாக்ட் அரங்கில் மூன்று பூப்பந்துப் போட்டிகள் தொடர்ச்சியாக இவ்வாறு நடத்தப்பட்டன, சாய்னாவும் எச்.எஸ். பிரணாயும் தொற்று உள்ளவர்கள் என்று ஒருநாள் விலக்கப்பட்டு மறுசோதனைக்குப் பின் ஆட அனுமதிக்கப்பட்ட குழப்பத்தையும் மீறி, அவை முடிந்தன. ஐ.பி.எல். கிரிக்கெட்டின் வளையமோ அதே ஆண்டு மே தொடக்கத்தில் உடைந்தது; கொல்கத்தா அணியின் தமிழக வீரர் வருண் சக்கரவர்த்திக்கும் சந்தீப் வாரியருக்கும் தொற்று உறுதியானதைத் தொடர்ந்து மே 4-இல் தொடரே நிறுத்தப்பட்டது. அதற்குச் சில நாள் முன்பே, வீட்டில் பலரும் நோயுற்றதால் ரவிச்சந்திரன் அஸ்வின் தொடரிலிருந்து விலகியிருந்தார். வளையத்துக்குள் இருப்பவருக்கும் வெளியே ஒரு குடும்பம் உண்டு என்பதை எந்த விதிமுறை ஏட்டையும் விட அவ்விலகல் தெளிவாகச் சொன்னது.

கோலாலம்பூரில் வாழ்ந்தவர்களுக்கு வளையம் என்பது புதிய செய்தி அல்ல. வேறு வகை வளையத்தை அவர்கள் ஏற்கெனவே கண்டிருந்தனர். 2020 ஏப்ரல் 7-இல், தமிழ் முஸ்லிம் வணிகர்களின் நூற்றாண்டு கண்ட பகுதியான மஸ்ஜித் இந்தியா சாலையில், சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் என்னும் இரு அடுக்குமாடிக் கட்டடங்கள் கடுமையாக்கப்பட்ட நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக்கு உட்படுத்தப்பட்டன. ஒரு குறிப்பிட்ட கட்டடத்தையோ குடியிருப்பையோ முள்வேலியிட்டு, காவலர் நிறுத்தி, அங்குள்ள எவரும் வெளியேறாதபடியும் வெளியார் எவரும் நுழையாதபடியும் முற்றாக அடைத்து, உள்ளே உள்ள அனைவரையும் பரிசோதிப்பது இவ்வாணையின் முறை. அவ்வட்டாரக் குடியிருப்பாளரில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். விளையாட்டு வளையத்துக்கும் இந்த முள்வேலிக்கும் தொழில்நுட்ப அடிப்படையில் வேற்றுமை மிகக் குறைவு: இரண்டும் அடைப்புகள், இரண்டிலும் பரிசோதனை, இரண்டிலும் உணவு வாசலுக்கு வருகிறது. வேற்றுமையெல்லாம் திசையில்தான். ஒன்று உள்ளே இருப்பவரை வெளியே உள்ள நோயிலிருந்து காக்கிறது. மற்றொன்று வெளியே இருப்பவரை உள்ளே உள்ள நோயிலிருந்து காக்கிறது. ஒன்றுக்குள் செல்பவர் தாமே கையொப்பமிட்டுச் செல்கிறார். மற்றொன்றுக்குள் இருப்பவர் காலையில் கண் விழித்துப் பார்த்தபோது வேலி நின்றது. பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு நகரம் எழுப்பும் வேலிகளை அறத்தால் நிறுக்க வேண்டுமானால், வேலியின் வலிமையை மட்டும் பார்த்தால் போதாது, அது யாருடைய இசைவோடு எழுப்பப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

வளையத்தின் பொருளாதாரத்தைப் பார்த்தால் இக்கேள்வி இன்னும் கூர்மையாகும். பரிசோதனை செய்பவரின் கையுறை எங்கிருந்து வந்தது? உலக ரப்பர் கையுறைகளில் மிகப் பெரும் பங்கு மலேசியாவில் தயாராகிறது. உலகின் மிகப் பெரிய கையுறை நிறுவனமான டாப் கிளவ்வின் தொழிற்சாலைகள் பல கிள்ளானை அடுத்த மேருவில் உள்ளன. 2020 நவம்பரில் அந்நிறுவனத்தின் தொழிலாளர்களில் 2,400-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியாகி, 28 தொழிற்சாலைகளைப் படிப்படியாக மூடுமாறு அரசு உத்தரவிட்டது. நேப்பாளம், வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்து, நெரிசலான தங்குமிடங்களில் அடுக்குக் கட்டில்களில் உறங்கியவர்கள் அவர்கள். உலகெங்கும் மருத்துவமனைகளையும், சற்றுத் தொலைவிலாவது விளையாட்டு வளையங்களையும் காத்த பொருளைச் செய்தவர்களுக்கே அப்பொருள் தரும் காப்பு எட்டவில்லை. பாதுகாப்பாக நடத்தப்பட்டது என்று பாராட்டப்படும் எந்தப் போட்டியின் கணக்கிலும் இவர்கள் வருவதில்லை, இவர்களுடைய பெயர்கள் வளையத்தின் பதிவேட்டில் இல்லை என்பதால். விடுதியைத் துப்புரவு செய்தவர், பேருந்து ஓட்டியவர், உணவுப் பொட்டலம் கட்டியவர் ஆகியோர் ஓரளவு கண்ணுக்குத் தெரிபவர்கள். கையுறைத் தொழிலாளர்களோ முற்றிலும் தெரியாதவர்கள்.

திருக்குறள் இன்னா செய்யாமை என்னும் அதிகாரத்தை அரசனுக்குரிய பொருட்பாலில் வைக்காமல், அறத்துப்பாலின் துறவறவியலில் வைத்திருப்பது இவ்விடத்தில் கருதத்தக்கது. பிறர்க்குத் தீங்கு செய்யாதிருத்தலைத் தன்னை அடக்கியவனின் ஒழுக்கமாகவும், வரக்கூடிய கேட்டை முன்னறிந்து காத்தலை ஆள்பவனின் கடமையாகவும் அந்நூல் தனித்தனியே பேசுகிறது. பெருந்தொற்றில் இவ்விரண்டும் ஒன்றாகப் பிணைந்தன. முகக்கவசம் அணிந்து வீட்டிலிருப்பது துறவியின் அடக்கத்தைப் பொதுமக்கள் அனைவரிடமும் எதிர்பார்ப்பதாயிற்று. அவ்வாறு அனைவரும் ஓரளவு துறவு பூண்டிருக்கும் நாளில், சிலருக்கு மட்டும் அத்துறவிலிருந்து விலக்கு அளிக்கும் அரசு எந்த அடிப்படையில் அதைச் செய்கிறது என்பது வெறும் உடல்நலத் துறையின் விவகாரமாக இருக்க முடியாது.

மகாபாரதத்தின் சாந்தி பருவம் ஆபத்துத் தருமம் என்று ஒரு தனிப் பகுதியைக் கொண்டுள்ளது. இயல்பான காலத்து விதிகளை நெருக்கடிக் காலத்தில் எந்த அளவுக்குத் தளர்த்தலாம் என்பதே அதன் பொருள். பஞ்சத்தில் பசியால் வாடிய விசுவாமித்திரர் புலையன் குடிசையில் நாயிறைச்சியைத் திருடப் புகும் புகழ்பெற்ற கதை அங்கேதான் வருகிறது. அக்கதையில் தளர்வுக்கு ஒரே நியாயம் உயிர் தங்குவது. உயிர் தங்கியபின் தளர்வும் முடிகிறது. பெருந்தொற்றுக் காலத்துப் போட்டி விலக்குகள் இதற்கு நேர்மாறானவை: உயிரைக் காப்பதற்காக விதிக்கப்பட்ட நெருக்கடிக்கால விதியை, உயிரல்லாத ஒன்றுக்காகத் தளர்த்துபவை. உயிரல்லாத எதற்கும் தளர்த்தவே கூடாது என்று இதனால் முடிவுகட்ட வேண்டியதில்லை, மனித வாழ்வு மூச்சு மட்டும் அல்ல என்பதால். ஆனால் அத்தளர்வைக் கேட்பவர், தாம் கேட்பது ஆபத்துத் தருமத்தின் சலுகையை அல்ல, வேறொரு நன்மைக்காகப் பிறர் ஏற்கும் அபாயத்தை என்பதை ஒப்புக்கொண்டே கேட்க வேண்டும்.

அந்த வேறொரு நன்மை எத்தகையது? கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் 1904-இல் யாழ்ப்பாணத் தமிழர்கள் நிறுவிய விவேகானந்த ஆசிரமத்தின் முன் நிற்கும் சிலைக்குரியவர், 1897-இல் சென்னையில் ஆற்றிய சொற்பொழிவொன்றில், கீதையைப் படிப்பதைவிடக் கால்பந்து ஆடுவதால் இளைஞர்கள் விண்ணுலகை நெருங்குவர் என்ற பொருள்பட, கேட்டவர்கள் திடுக்கிடும்படி பேசினார். விளையாட்டுக்குச் சமய நோக்கில் இதைவிடப் பெரிய மதிப்பை யாரும் அளித்ததில்லை. ஆயினும் விவேகானந்தர் பேசியது ஆடுபவனின் உடலும் உள்ளமும் பெறும் வலிமையைப் பற்றி. பதக்கத்தையோ தரவரிசையையோ பற்றியன்று. அப்படிப் பார்த்தால், 2020-21-இல் கிள்ளான் பள்ளத்தாக்கு உண்மையில் இழந்த விளையாட்டு, குடியிருப்புகளின் பூப்பந்துத் தளங்களிலும் தமிழ்ப்பள்ளித் திடல்களிலும் மாலைதோறும் நடந்த ஆட்டமே. அது மூடப்பட்டது, யாரும் அதற்கு வளையம் அமைக்க முன்வரவில்லை. பன்னாட்டுப் போட்டியை விளையாட்டின் பெயரால் காப்பாற்ற முனைந்தவர்கள் காப்பாற்றியது விளையாட்டின் உச்சியை. அதன் வேர் பூட்டிய கதவுக்குப் பின்னால் கிடந்தது. இதற்காக உச்சியைப் பயனற்றதென்று தள்ளிவிட முடியாது. 2021 மார்ச்சில் மலேசிய வீரர் லீ சீ ஜியா அனைத்து இங்கிலாந்துப் பூப்பந்துப் பட்டத்தை வென்ற இரவில் அடைபட்ட மலேசிய வீடுகளில் எழுந்த ஆரவாரம் பொய்யானதன்று. நெடுநாள் அடைப்பில் ஒரு சமூகம் தன்னை ஒன்றாக உணர்ந்த தருணங்கள் குறைவு.

ஆனால் அதே போட்டியில்தான் வளையத்துக்குள்ளும் நீதி எளிதன்று என்பது தெரியவந்தது. பர்மிங்காமுக்கு வந்த விமானத்தில் உடன்பயணித்த ஒருவருக்குத் தொற்று இருந்ததால், இந்தோனேசிய அணி முழுவதையும் பத்து நாள் தனிமையில் இருக்குமாறு பிரித்தானியச் சுகாதாரத் துறை பணித்தது. தம் பரிசோதனைகளில் தொற்றில்லை என்று காட்டியும் அவர்கள் போட்டியிலிருந்து விலக நேர்ந்தது. விதி சரியானதே, அதன் விளைவு கொடியதே. நோய் யார் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தது என்பதை வைத்து ஒருவரின் ஆண்டு தீர்மானிக்கப்பட்டது.

பக்கத்து இருக்கை என்னும் தற்செயல், அறத்தை எவ்வளவு ஆழமாகக் குழப்புகிறது என்பதற்குக் கோலாலம்பூரே மிகப் பெரிய சான்று. 2020 பிப்ரவரி 8-இல் பத்துமலையில் வழக்கம்போலப் பெருந்திரள் கூடித் தைப்பூசம் நடந்தது. பிப்ரவரி 27 முதல் மார்ச் 1 வரை ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் தப்லீக் என்னும் இஸ்லாமியப் பரப்புரை இயக்கத்தின், ஏறத்தாழ 16,000 பேர் கலந்துகொண்ட கூட்டம் நடந்தது. முதலாவது பெரும் தொற்றுத் திரள் எதையும் விட்டுச் செல்லவில்லை. இரண்டாவதிலிருந்து 3,300-க்கும் மேற்பட்டோருக்கு நோய் பரவி, அது நாட்டின் முதல் பெருந்திரளாயிற்று. இரு கூட்டங்களிலும் கூடியோர் செய்தது ஒன்றே, அன்றைய சட்டப்படி இரண்டும் குற்றமல்ல. பழி மட்டும் ஒரு பக்கம் சாய்ந்தது. ஊழ்வினையை நம்பும் மரபு, விளைவுக்கு முன்னைய காரணங்களைத் தேடும். ஆனால் எந்த மரபும் தற்செயலாகத் தப்பியவனைத் தற்செயலாகச் சிக்கியவனைவிட நல்லவன் என்று சொல்வதில்லை. பேங்காக் வளையம் உடையவில்லை, ஐ.பி.எல். வளையம் உடைந்தது என்பதை மட்டும் வைத்து ஒன்றைச் சரியென்றும் மற்றதைத் தவறென்றும் தீர்ப்பளிப்பதும் இத்தகையதே. போட்டியை நடத்துவது என்ற முடிவின் அறம், முடிவெடுத்த நேரத்தில் அறியப்பட்டவற்றையும், அபாயம் யார்மேல் ஏற்றப்பட்டது என்பதையும் வைத்தே நிறுக்கப்பட வேண்டும்.

அந்த அளவில் 2021 மே 7-இன் ஒத்திவைப்பு சரியான முடிவே. அடுத்த மாதங்களில் நடந்தவை அதற்குச் சான்றல்ல. அன்று அறியப்பட்டிருந்ததே போதுமானதாக இருந்தது. பின்னர் ஜூன் 1-இல் நாடு முழு முடக்கத்துக்குள் சென்றது. வறுமையில் வாடிய குடும்பங்கள் உதவி கேட்டு வீட்டு வாசலில் வெள்ளைக்கொடி கட்டின. புக்கிட் ஜாலில் தேசிய விளையாட்டரங்கே தடுப்பூசி நிலையமாயிற்று. ஓட்டப்பந்தயத்துக்கும் கால்பந்துக்கும் கட்டப்பட்ட அரங்கில், ஊசி போட்டுக்கொள்ள மக்கள் வரிசையில் நின்ற அந்த மாதங்களில், அக்கட்டடம் அதற்கு முன்போ பின்போ இல்லாத அளவுக்குப் பொதுநலனுக்குப் பயன்பட்டது என்று சொன்னால் மிகையாகாது.

ஒத்திவைப்பதற்கும் நேர்மையான காரணம் வேண்டும் என்பதைக் கோலாலம்பூரின் மற்றொரு போட்டி காட்டுகிறது. நியூசிலாந்து பெருந்தொற்றால் கைவிட்ட ஆடவர் உலக அணிச் சுவர்ப்பந்துப் போட்டியை 2021 டிசம்பரில் நடத்த மலேசியா முன்வந்தது. ஆனால் இஸ்ரேலிய அணிக்கு விசா வழங்குவது பற்றிய தகராறு கிளம்பியது. போட்டி தொடங்கச் சில நாளே இருந்த நிலையில் அது ரத்தாயிற்று. அறிவிப்பில் ஓமிக்ரான் திரிபு, பயணக் கட்டுப்பாடுகள், விசா உறுதியின்மை ஆகிய மூன்றும் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து நின்றன. மலேசியாவின் விசாக் கொள்கை பற்றி இருவேறு வலுவான கருத்துகள் உண்டு. அதைப் பற்றிய விவாதம் இங்கே வேண்டியதில்லை. நோயச்சம் என்னும் மறுக்கவியலாக் காரணம், மறுக்கக்கூடிய வேறு காரணங்களுக்குப் போர்வையாகும்போது, நோயச்சத்தின் மதிப்பும் குறைகிறது. அடுத்தமுறை உண்மையாகவே உயிரைக் காக்க ஒத்திவைப்பவரையும் மக்கள் ஐயத்தோடு பார்ப்பர்.

எல்லா விளையாட்டுகளுக்கும் இந்த இக்கட்டு ஒரே அளவில் இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். சதுரங்கம் பூசலாரின் கோவிலுக்கு அருகில் நிற்பது. 2020-இல் ஒலிம்பியாடை இணையவழி நடத்தி, இறுதிச்சுற்றில் இணையத் தொடர்பு அறுந்ததால் இந்தியாவையும் ரஷ்யாவையும் கூட்டு வெற்றியாளர்களாக அறிவிக்க அதனால் முடிந்தது. நேரடி ஒலிம்பியாட் 2022-இல் மாமல்லபுரத்துக்கு வந்தது. பூப்பந்துக்கு அப்படி ஒரு மனக்கோவில் இல்லை. எதிரே ஒருவர் மூச்சுவாங்க நிற்காமல் அந்த ஆட்டம் நிகழாது.

2022 ஏப்ரல் 1 முதல் மலேசியா தொற்றோடு வாழும் கட்டத்துக்கு மாறியது. ஜூன் 28 முதல் ஜூலை 3 வரை மலேசியப் பொதுப் போட்டி ஆக்சியாட்டா அரங்கில் மீண்டும் நடந்தது. 2023 பிப்ரவரி 5-இல் தைப்பூசம் முழு அளவில் திரும்பியது. நிலுவையில் இருந்த காவடிகள் பத்துமலையின் 272 படிகளில் ஏறின, கடன் தீர்க்கப்பட்டது. போட்டி அமைப்புகளிடம் இதற்கு ஒப்பான ஏற்பாடு எதுவும் இல்லை. ஒத்திவைப்பால் ஓர் ஒலிம்பிக்கை இழந்தவருக்கு அடுத்த சுற்றில் எந்த வகையிலாவது ஈடுசெய்யும் விதி தகுதிமுறையில் எழுதப்படவில்லை. பெருந்தொற்றில் தரவரிசையை உறைய வைத்து, கணக்கிடும் காலத்தையே மாற்றி எழுதக் கற்றுக்கொண்ட சம்மேளனங்களுக்கு அது இயலாத காரியமும் அல்ல. அடுத்த பெருந்தொற்றுக்கான விதிமுறை ஏடுகளில் பரிசோதனைக்கும் காற்றோட்டத்துக்கும் பல பக்கங்கள் ஒதுக்கப்படும்போது, ஒத்திவைப்பவர் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார் என்பதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கப்பட வேண்டும். அதை எழுதுவதற்கு உரியவர்கள் மருத்துவர்கள் அல்லர், போட்டியால் வருவாய் பெறுபவர்கள்தான்.